ஐரோப்பியப் பிராந்திய நிதியில் உங்கள் டிஜிட்டல் திட்டத்துக்கு மானியம் வாங்குவது எப்படி?

ஐரோப்பியப் பிராந்திய வளர்ச்சி நிதியிலிருந்து சிறு நிறுவனங்களின் புதுத் தொழில்நுட்ப முயற்சிகளுக்குப் பணம் கிடைக்கும் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கே போய்க் கேட்பது, என்னென்ன காகிதம் வேண்டும், பணம் எப்போது கைக்கு வரும் என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. கிழக்கு ஜெர்மனியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இந்த வேலை என் தலையில் விழுந்தபோது, விதிகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்கித்தான் சேர்த்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இது முன்கூட்டிக் கையில் கொடுக்கிற பணம் இல்லை. நீங்கள் செலவழித்து, செலவழித்ததை நிரூபித்த பிறகு, அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிற பணம். அதனால் உங்கள் யோசனை எவ்வளவு சிறப்பானது என்பதோடு, எந்தக் காகிதத்தில் எந்தத் தேதி இருக்கிறது, கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கும். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

1. உங்கள் இடம் இந்த நிதிக்குள் வருகிறதா?

நிதி ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கு மட்டும். நம்மவர்கள் அதிகம் வாழும் பிரிட்டன், சுவிட்சர்லாந்து, நார்வே மூன்றும் இதில் இல்லை. பிரிட்டனில் பழைய நிதிக் காலத்தோடு இது முடிந்துவிட்டது. வட அயர்லாந்துக்கு மட்டும் அயர்லாந்து எல்லைப் பகுதியோடு சேர்ந்த பீஸ்பிளஸ் திட்டம் இருக்கிறது. சுவிஸ், நார்வே அமைப்புகள் இன்டர்ரெக் என்ற எல்லை தாண்டிய கூட்டுத் திட்டங்களில் சேரலாம், ஆனால் அவற்றின் பங்குக்கான பணம் அந்தந்த நாட்டிலிருந்து வரும்.

பாஸ்போர்ட் பற்றிப் பலர் கேட்கிறார்கள். உரிமையாளரின் குடியுரிமையை இங்கே பார்ப்பதில்லை. நிறுவனத்துக்கு அந்தப் பிராந்தியத்தில் அலுவலகமோ பட்டறையோ இருக்கிறதா, வேலை அங்கே நடக்கிறதா என்பதுதான் கேள்வி. பாரிஸில் பதிவு செய்துவிட்டு நிரலாளர்கள் எல்லாரும் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்திருந்தால், அந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காது. அப்படி ஓர் அமைப்பு உங்களுக்கு இருந்தால், விண்ணப்பத்தைத் தொடங்கும் முன்பே அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, உங்கள் பிராந்தியம் எந்த வகை என்று பாருங்கள். ஆள்வீத உற்பத்தி ஐரோப்பிய ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே என்றால் வளர்ச்சி குறைந்த பகுதி, 75 முதல் 100 வரை இடைநிலைப் பகுதி, அதற்கு மேல் வளர்ந்த பகுதி. ஒரே மாநிலத்துக்குள்ளேயே இது மாறும். ஜெர்மனியின் சாக்சனியில் லைப்சிக் வட்டாரம் வளர்ந்த பகுதி. டிரெஸ்டனும் கெம்னிட்ஸும் இடைநிலை.

இங்கே ஒரு பெரிய குழப்பம் வரும். ஐரோப்பியப் பங்கின் உச்சவரம்பு வளர்ச்சி குறைந்த பகுதியில் 85 சதவீதம், இடைநிலையில் பொதுவாக 60, வளர்ந்த பகுதியில் பொதுவாக 40 என்று படித்திருப்பீர்கள். அது பிரஸ்ஸல்ஸுக்கும் (ஐரோப்பிய ஒன்றியத் தலைமைக்கும்) உங்கள் அரசுக்கும் இடையிலான கணக்கு. உங்களுக்குக் கிடைக்கும் மானியச் சதவீதம் அது இல்லை. உங்களுடையது 5-ஆம் படியில் வருகிறது.

2. சரியான கதவைத் தட்டுங்கள்

பிரஸ்ஸல்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பயன் இல்லை. பணத்தைப் பிரித்துக் கொடுப்பது ஒவ்வொரு நாட்டிலும் மாநிலத்திலும் இருக்கும் நிர்வாக ஆணையம். பிரான்சில் அது பெரும்பாலும் பிராந்திய மன்றம். ஜெர்மனியில் மாநில அமைச்சகம் பொறுப்பேற்றாலும், விண்ணப்பத்தைக் கையாள்வது பெரும்பாலும் மாநில வளர்ச்சி வங்கி: சாக்சனியில் எஸ்ஏபி, பிராண்டன்பர்க்கில் ஐஎல்பி, பெர்லினில் ஐபிபி. போலந்தில் நாடு தழுவிய தொழில் நிறுவனத் திட்டங்களைப் பார்ப் என்ற முகமை நடத்துகிறது. போர்ச்சுகலில் எல்லாம் ‘பல்காவ் துஷ் ஃபுந்துஷ்’ என்ற ஒரே இணைய வாசல் வழியாக. பின்லாந்தில் யூரா 2021 என்ற இணைய அமைப்பு. நெதர்லாந்தில் நான்கு வட்டாரத் திட்டங்கள் தனித்தனியாக இயங்குகின்றன.

தேடும்போது அந்தந்த மொழிச் சுருக்கத்தைப் போடுங்கள். ஜெர்மனியில் எஃப்ரே, பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகலில் ஃபெடெர், இத்தாலியில் ஃபெஸ்ர், நெதர்லாந்தில் எஃப்ரோ. ஆங்கிலச் சுருக்கத்தைப் போட்டுத் தேடினால் பொதுவான விளக்கப் பக்கங்கள்தான் முன்னால் வந்து நிற்கும்.

அதிகம் பேருக்குத் தெரியாத மூன்று உதவிகள் உண்டு.

முதலாவது, அழைப்புக் கால அட்டவணை. வரப்போகும் விண்ணப்ப அழைப்புகளின் பட்டியலை ஒவ்வொரு நிர்வாக ஆணையமும் வெளியிட்டு, ஆண்டுக்குக் குறைந்தது மூன்று முறை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். எந்த மாதம், எந்தத் துறைக்கு, யார் விண்ணப்பிக்கலாம், எவ்வளவு தொகை என்று அதில் இருக்கும். அழைப்பு திறந்த பிறகு ஓடத் தொடங்கினால் நேரம் போதாது. அட்டவணையைப் பார்த்து ஆறு மாதம் முன்பே தயாராகுங்கள்.

இரண்டாவது, கோஹெசியோ. ஐரோப்பிய ஆணையத்தின் இலவசத் தேடல் தளம். உங்கள் ஊரில் யாருக்கு, எந்தத் திட்டத்துக்கு, எவ்வளவு கிடைத்தது என்று வரைபடத்தோடு பார்க்கலாம். உங்கள் யோசனைக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கைந்து திட்டங்களை எடுத்து, அவற்றின் சுருக்க விவரத்தையும் தொகையையும் கவனியுங்கள். எந்த அளவுத் திட்டம் எடுபடுகிறது என்று நன்றாகப் பிடிபடும்.

மூன்றாவது, ஐரோப்பிய டிஜிட்டல் புத்தாக்க மையங்கள். பல பிராந்தியங்களில் இருக்கின்றன. ‘முதலீட்டுக்கு முன் சோதனை’ என்பதுதான் அவற்றின் முக்கியச் சேவை: செயற்கை நுண்ணறிவோ இயந்திரப் பார்வையோ உங்கள் தொழிலுக்கு உதவுமா என்று இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சோதித்துத் தருவார்கள். அந்தச் சோதனை அறிக்கையைப் பின்னால் விண்ணப்பத்தோடு இணைத்தால் தொழில்நுட்ப மதிப்பீட்டாளருக்கு நம்பிக்கை வரும்.

3. உங்கள் திட்டம் எந்தத் தலைப்பின் கீழ்?

2021-2027 காலத்தில் புத்தாக்கமும் டிஜிட்டலும் ‘போட்டித்திறன் மிக்க, அறிவார்ந்த ஐரோப்பா’ என்ற முதல் கொள்கை நோக்கத்தின் கீழ் வருகின்றன. அதற்குள் தொடக்கத்தில் வகுத்த ஐந்து உட்பிரிவுகள்: ஆராய்ச்சியும் மேம்பட்ட தொழில்நுட்பமும், டிஜிட்டல்மயமாக்கல், சிறு நடுத்தர நிறுவன வளர்ச்சி, திறன் பயிற்சி, இணைய இணைப்பு. அழைப்பு எந்த உட்பிரிவைச் சேர்ந்தது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். ஒரே யோசனையை முதல் பிரிவில் ஆராய்ச்சியாகவும் இரண்டாம் பிரிவில் டிஜிட்டல் மேம்பாடாகவும் எழுதலாம். ஆனால் மானியச் சதவீதமும் காகிதமும் வேறுபடும்.

ஆராய்ச்சிப் பிரிவு என்றால் உங்கள் பிராந்தியத்தின் ‘அறிவார்ந்த சிறப்புத்துறை உத்தி’ ஆவணத்தைக் கட்டாயம் படியுங்கள். ஒவ்வொரு பிராந்தியமும் தான் முன்னேற நினைக்கும் சில துறைகளை அதில் குறித்து வைத்திருக்கும். அந்தத் துறைகளில் ஒன்றோடு உங்கள் திட்டம் எப்படிச் சேர்கிறது என்று காட்ட முடியாவிட்டால், மீதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பெண் ஏறாது. நீண்ட ஆவணம்தான். துறைப் பட்டியலையும் உங்கள் துறை பற்றிய அத்தியாயத்தையும் மட்டும் படித்தால் போதும்.

போலந்தின் ‘ஸ்மார்ட் பாதை’ திட்டம் இதைக் கொஞ்சம் எளிதாக்கியது. ஏழு பகுதிகள், சிறு நடுத்தர நிறுவனம் ஆராய்ச்சி அல்லது புத்தாக்க நடைமுறை இரண்டில் ஒன்றையாவது எடுக்க வேண்டியிருந்தது, டிஜிட்டல்மயமாக்கல், பயிற்சி போன்றவற்றை விருப்பப்படி சேர்த்துக்கொள்ள முடிந்தது. எல்லாம் ஒரே விண்ணப்பத்தில்.

4. நிறுவனத்தின் அளவைச் சரியாகக் கணக்கிடுங்கள்

பணியாளர் 10-க்குக் கீழே, விற்றுமுதல் அல்லது இருப்புநிலைத் தொகை 20 லட்சம் யூரோவுக்குள் என்றால் குறுநிறுவனம். 50 பேருக்குக் கீழே, 1 கோடி யூரோவுக்குள் என்றால் சிறு நிறுவனம். 250 பேருக்குக் கீழே, விற்றுமுதல் 5 கோடிக்குள் அல்லது இருப்புநிலை 4.3 கோடிக்குள் என்றால் நடுத்தரம்.

சிக்கல் பங்கு உரிமையில்தான். வேறொரு நிறுவனம் உங்களிடம் 25 சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருந்தால் அது கூட்டாளி நிறுவனம். அதன் ஆட்களும் வருமானமும் பங்கு விகிதத்தில் உங்கள் கணக்கில் ஏறும். 50 சதவீதத்துக்கு மேல் என்றால் இணைந்த நிறுவனம்; முழுவதும் ஏறும். ஒரே குடும்பத்தினர் ஒரே தொழிலில் இரண்டு நிறுவனம் நடத்தினால் அதையும் சேர்த்துப் பார்க்கலாம். அண்ணன் பெயரில் ஒன்று, அண்ணி பெயரில் ஒன்று என்று கடையும் கம்பெனியும் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். யார் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் வரைபடமாகப் போட்டு விண்ணப்பத்தோடு கொடுங்கள். பின்னால் தணிக்கையில் அளவு மாறினால் மானியத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

‘நெருக்கடியில் உள்ள நிறுவனம்’ என்ற சோதனையும் உண்டு. நட்டம் சேர்ந்து மூலதனத்தில் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் பெரும்பாலான வழிகள் அடைபடும். மூன்று ஆண்டு நிறையாத சிறு நடுத்தர நிறுவனங்களுக்கு இந்த நட்டக் கணக்கில் விலக்கு இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் கடைசி இருப்புநிலையைக் கொடுத்து முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. எவ்வளவு கிடைக்கும்?

இரண்டு வழிகள் இருக்கின்றன.

சிறிய தொகைக்கு டி மினிமிஸ் என்ற சிற்றுதவி விதி. ஒரு நிறுவனம், இணைந்தவற்றையும் சேர்த்து, எந்த மூன்று ஆண்டிலும் மொத்தம் 3 லட்சம் யூரோ வரை இந்த வழியில் அரசு உதவி பெறலாம். 2024 ஜனவரி 1 முதல் இதுதான் வரம்பு. மென்பொருள் வாங்குவது, இணையப் பாதுகாப்பு, டிஜிட்டல் ஆலோசனைச் சீட்டு போன்றவை பெரும்பாலும் இதில் வரும். பணம் வந்த தேதியைப் பார்ப்பதில்லை; உதவி உங்களுக்கு உரிமையாக எழுதிக் கொடுக்கப்பட்ட தேதிதான் கணக்கு. வேறு துறையிலிருந்து வாங்கிய சலுகைக் கடன்கூட டி மினிமிஸாக இருக்கலாம். பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள்.

பெரிய ஆராய்ச்சித் திட்டத்துக்குப் பொது விலக்கு ஒழுங்குமுறை, அதாவது பிரஸ்ஸல்ஸிடம் தனியாக அனுமதி கேட்காமலே அரசு உதவி தர வழிவிடும் விதி. அதில் தொழில்முறை ஆராய்ச்சிக்கு (புது அறிவைத் தேடும் வேலை) அடிப்படை 50 சதவீதம், சோதனை உருவாக்கத்துக்கு (இருக்கும் அறிவை வைத்து மாதிரிப் பொருள் செய்வது) 25 சதவீதம். சிறு நிறுவனம் என்றால் 20 புள்ளி கூடும், நடுத்தரம் என்றால் 10. பல்கலைக்கழகம் போன்ற ஆராய்ச்சி அமைப்போடு உண்மையாகவே கூட்டுச் சேர்ந்தால் மேலும் 15. உச்சவரம்பு 80. இவை ஐரோப்பா அனுமதிக்கும் உச்சம். உங்கள் அழைப்பு இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 பேர் வேலை செய்யும் உலோக உதிரிபாகப் பட்டறை. வார்ப்பில் விழும் நுண்ணிய விரிசலைக் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் வைத்துக் கண்டுபிடிக்கும் கருவியை உருவாக்க நினைக்கிறது. சோதனை உருவாக்கம், 18 மாதம், மொத்தச் செலவு 2,40,000 யூரோ. 25 கூட்டல் 20, ஆக 45 சதவீதம்: மானியம் 1,08,000, சொந்தப் பணம் 1,32,000. பக்கத்துத் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்த்து, அது செலவில் குறைந்தது 10 சதவீதத்தை ஏற்று, தன் ஆய்வு முடிவை வெளியிடும் உரிமையும் வைத்துக்கொண்டால் 60 சதவீதம் வரை போகலாம். ஆனால் முடிவு வெளியே வரும். காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் எது முதலில், எது பிறகு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பெர்லினின் ‘புரோ ஃபிட்’ போன்ற திட்டங்களில் மானியத்தோடு கடனும் சேர்ந்து வரும். சந்தைக்கு நெருங்க நெருங்க மானியம் குறைந்து கடன் கூடும்.

6. விண்ணப்பத்துக்கு முன் எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பொது விலக்கு வழியில், வேலை தொடங்கும் முன்பே எழுத்து விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வேலை தொடங்குவது என்றால் இயந்திரம் வந்து இறங்குவது இல்லை. திரும்பப் பெற முடியாத முதல் ஆர்டர், அல்லது முதல் ஒப்பந்தக் கையெழுத்து. கேமராவுக்கு 500 யூரோ அட்வான்ஸ் கொடுத்து ஆர்டரை உறுதிசெய்திருந்தால்கூட முழுத் திட்டமும் தகுதி இழக்கலாம். அந்தக் கேமராவின் விலை மட்டும் போகாது.

கொட்டேஷன் வாங்கலாம், சாத்தியக்கூறு ஆய்வு செய்யலாம், அனுமதிகளுக்கு விண்ணப்பிக்கலாம். இவை வேலை தொடங்கியதாக ஆகா.

பல இடங்களில் நாட்டு விதி இன்னும் கடுமையாக இருக்கும். விண்ணப்பம் கொடுத்தால் மட்டும் போதாது, ஒப்புதல் ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது முன்கூட்டித் தொடங்கத் தனியாக எழுத்து அனுமதி வாங்க வேண்டும். டி மினிமிஸ் திட்டங்களிலும் இதையே கேட்பார்கள். தொலைபேசியில் ‘சரி, தொடங்குங்கள்’ என்று யாராவது சொன்னால் அதைக் கடிதமாகக் கேளுங்கள். அனுமதி வந்தாலும் மானியம் நிச்சயம் என்று பொருள் இல்லை. விண்ணப்பம் தோற்றால் செலவு முழுவதும் உங்களுடையது.

அவசரம் என்றால், விண்ணப்பத்தில் குறைந்தபட்சம் இருக்க வேண்டியவை இவை: நிறுவனத்தின் பெயரும் அளவும், திட்ட விவரமும் தொடக்க, முடிவுத் தேதிகளும், இடம், செலவுப் பட்டியல், கேட்கும் உதவியின் வகையும் தொகையும்.

7. காகிதங்கள்

நாட்டுக்கு நாடு பெயர் மாறினாலும் கேட்பவை ஏறக்குறைய ஒன்றுதான். நிறுவனப் பதிவுச் சான்று, கடைசி இரண்டு அல்லது மூன்று ஆண்டுக் கணக்கு, வரியும் சமூகக் காப்பீடும் நிலுவை இல்லை என்ற சான்று, அளவு பற்றிய உறுதிமொழி, டி மினிமிஸ் உறுதிமொழி, கொட்டேஷன்கள், திட்டத்தில் வேலை செய்பவர்களின் தகுதி விவரம், சொந்தப் பங்குக்கு வங்கிக் கடிதம், சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லை என்ற விளக்கம்.

வரிச் சான்றும் பதிவுச் சான்றும் பெரும்பாலும் சில மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கட்டணம் சிறியதுதான், ஆனால் சீக்கிரம் எடுத்துவைத்தால் காலாவதியாகும். கடைசி வாரத்தில் கேட்டால் வந்து சேராது. அழைப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது கேட்பது சரியாக இருக்கும். இணைய வாசலில் நுழைய மின்னணுக் கையொப்பமோ அடையாளச் சான்றோ தேவைப்படும். தபாலில் இரகசியக் குறியீடு அனுப்பும் நாடுகளில் அதற்கே இரண்டு வாரம் ஆகும். எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.

எண்களையும் கேட்பார்கள். ஒவ்வொரு திட்டமும் ஐரோப்பியப் பொதுக் குறியீடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆர்சிஆர் 03 என்றால் புதுப் பொருளோ செயல்முறையோ கொண்டுவந்த சிறு நடுத்தர நிறுவனம். ஆர்சிஆர் 13 என்றால் உயர் டிஜிட்டல் தீவிரத்தை எட்டிய, அதாவது டிஜிட்டல் தொழில்நுட்பத்தை அதிகம் பயன்படுத்தும் நிறுவனம். விண்ணப்பத்தில் ‘ஐந்து புது வேலை உருவாகும்’ என்று எழுதினால் அது வாக்குறுதி. மதிப்பெண்ணுக்காகக் கூட்டி எழுதாதீர்கள். கடைசியில் அந்த ஐந்து பேரையும் சம்பளப் பட்டியலில் காட்டச் சொல்வார்கள்.

ஆலோசகர் வைப்பதா என்று கேட்டால், வைக்கலாம், ஆனால் எழுதும் வேலையை அவரிடம் முழுவதுமாக விடாதீர்கள். எங்களுக்குக் கிடைத்த ஒருவர் வேறொரு நிறுவனத்துக்கு எழுதிய பத்திகளை அப்படியே ஒட்டிக் கொடுத்தார். வரிக்கு வரி படித்ததால் பிடிபட்டது. விண்ணப்பம் எழுதும் கட்டணம் பெரும்பாலும் மானியக் கணக்கில் சேராது. மொத்த மானியத்தில் பங்கு கேட்பவரைவிட, செய்த வேலைக்கு நிலையான கட்டணம் கேட்பவர் மேல்.

8. செலவுக் கணக்கை எளிய முறையில் போடுங்கள்

ஒவ்வொரு பேனாவுக்கும் பில் காட்டுவதா என்று பயப்பட வேண்டாம். ஐரோப்பிய விதிகளிலேயே எளிய கணக்கு முறைகள் இருக்கின்றன. திட்டத்தில் நேரடியாக வேலை செய்பவர்களின் சம்பளத்தை மட்டும் நிரூபித்து, அதில் 40 சதவீதம் வரை மற்ற எல்லாச் செலவுக்கும் மொத்தமாக எடுத்துக்கொள்வது ஒரு முறை. சம்பளம் 1,00,000 யூரோ என்றால் பயணம், கணினி, வாடகை, சோதனைப் பொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 40,000. அதற்கு ஒரு பில்கூடக் காட்ட வேண்டியதில்லை. மென்பொருள் நிறுவனங்களுக்கு இது வரம், ஏனென்றால் நம் செலவில் பெரும்பகுதி சம்பளம்தான். கருவி வாங்குவதே பெரும் செலவு என்றால் இது கட்டுபடியாகாது. அப்போது சம்பளத்தில் 15 சதவீதத்தை மறைமுகச் செலவுக்கு எடுத்துக்கொண்டு, கருவிக்குத் தனியாகப் பில் காட்டும் முறை நல்லது.

எந்த முறை என்று அழைப்பே சொல்லிவிடும். தேர்வு உங்களிடம் விட்டிருந்தால் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்ற முடியாது.

கடனுக்கான வட்டி சேராது. மதிப்புக் கூட்டு வரி பற்றி ஐரோப்பிய விதி 50 லட்சம் யூரோவுக்குக் கீழான திட்டங்களில் தாராளமாக இருந்தாலும், வரியைத் திரும்பப் பெறும் நிறுவனங்களுக்கு நாட்டு விதிகள் பெரும்பாலும் அதை அனுமதிப்பதில்லை. வரி இல்லாத தொகையிலேயே திட்டமிடுங்கள்.

9. கைப்பணத்துக்கு ஏற்பாடு

பட்டறைக் கணக்குக்குத் திரும்புவோம். மாதம் சுமார் 13,300 யூரோ செலவு. ஆறு மாதம் முடிந்து முதல் கோரிக்கை போடும்போது 80,000 செலவாகியிருக்கும். கோரிக்கையைத் தயாரிக்க ஒரு மாதம். அலுவலகம் கோரிக்கை வந்த நாளிலிருந்து 80 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது ஐரோப்பிய விதி, ஆனால் விளக்கம் கேட்டால் கடிகாரம் நிற்கும். எல்லாம் ஒழுங்காகப் போனாலும், முதல் 36,000 யூரோ வந்து சேரும்போது உங்கள் கையிலிருந்து 1,28,000 யூரோ போயிருக்கும். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். ஒப்புதல் ஆணையைக் காட்டினால் இடைக்காலக் கடனுக்குப் பேச முடியும். சில திட்டங்களில் முன்பணம் உண்டு, அதற்கு வங்கி உத்தரவாதம் கேட்கலாம்.

நேரத்தையும் தாராளமாக வையுங்கள். தயாரிப்புக்கு இரண்டு மூன்று மாதம், முடிவு வர மூன்று முதல் ஆறு மாதம். ஆக, இன்று நினைத்தால் அடுத்த ஆண்டுதான் வேலை தொடங்கும். போட்டி நிறுவனம் மூன்று மாதத்தில் சந்தைக்கு வந்துவிடும் என்ற நிலை இருந்தால், இந்த வழியே உங்களுக்கு ஏற்றதில்லை. சொந்தப் பணத்தில் செய்துவிட்டு அடுத்த கட்டத்துக்கு மானியம் கேளுங்கள்.

10. வேலை நடக்கும்போது

தணிக்கையில் அதிகம் அடிபடுவது டைம்ஷீட். முழு நேரமும் இதே திட்டத்தில் இல்லாதவர், எந்த நாளில் எத்தனை மணி நேரம் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். ‘மென்பொருள் வேலை, 8 மணி’ என்று தினமும் எழுதினால் கேள்வி வரும். ‘விரிசல் படங்களுக்குக் குறியிடல், இரண்டாம் வேலைத் தொகுப்பு, 5 மணி’ என்று எழுதுங்கள். தணிக்கையாளர் டைம்ஷீட்டை ஒரு பக்கமும், விடுப்புப் பதிவையும் சம்பளச் சீட்டையும் மறுபக்கமும் வைத்துப் பார்ப்பார். விடுப்பில் இருந்த நாளில் நேரம் எழுதியிருந்தாலோ, பொது விடுமுறையில் 8 மணி இருந்தாலோ, அந்த மாதம் முழுவதையும் சந்தேகத்தோடு பார்ப்பார். மாதக் கடைசியில் அவரவர் கையெழுத்து, மேலாளர் கையெழுத்து, தேதி. ஆறு மாதத்துக்குச் சேர்த்து ஒரே நாளில் எழுதாதீர்கள். மையும் தேதியும் காட்டிக் கொடுத்துவிடும்.

வாங்குவதற்கு மூன்று கொட்டேஷன் என்பது பரவலான விதி. ஒரே விவரக் குறிப்பை மூவருக்கும் அனுப்பி, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று அரைப் பக்கம் எழுதிக் கோப்பில் வையுங்கள். மச்சான் நடத்தும் கம்பெனியில் வாங்குவது, சொந்தக்காரர் நிரல் எழுதிக் கொடுப்பது இதெல்லாம் நல்ல விலையாகவே இருந்தாலும் நல முரண்பாடு. ஆணையங்கள் அரக்னே போன்ற தரவுக் கருவிகள் மூலம் நிறுவனத் தொடர்புகளைத் தேடிப் பார்க்கின்றன. 2021 ஜூன் 1 முதல் ஐரோப்பியப் பொது வழக்குரைஞர் அலுவலகம் லக்சம்பர்க்கிலிருந்து இத்தகைய வழக்குகளை எடுத்து நடத்துகிறது.

ரொக்கம் வேண்டாம். எல்லாம் வங்கி வழியாக. ஒவ்வொரு பில்லிலும் திட்ட எண்ணைப் போடச் சொல்லுங்கள், கணக்கு மென்பொருளில் தனிக் குறியீடு திறந்துவிடுங்கள், இது கட்டாயமும்கூட.

விளம்பர விதியைச் சிறிது என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் இணையதளத்திலும் சமூக ஊடகப் பக்கத்திலும் திட்டம் பற்றிச் சிறு குறிப்பு, ஐரோப்பியக் கொடி, இணை நிதி வாசகம். அலுவலகத்தில் பலர் கண்ணில் படும் இடத்தில் ஏ3 அளவுக்குக் குறையாத சுவரொட்டி. 5 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட, கருவி வாங்கும் திட்டம் என்றால் நிரந்தரப் பலகை. மாட்டிய நாளே படம் எடுத்துக் கோப்பில் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மானியத்தில் 3 சதவீதம் வரை வெட்டலாம்.

திட்டம் மாறும். ஆள் விலகுவார், கருவி விலை ஏறும், ஒரு வழி வேலை செய்யாது. மாற்றத்துக்கு முன் எழுதிக் கேளுங்கள். ஆராய்ச்சியில் எதிர்பார்த்த முடிவு வராததற்காகத் தண்டிப்பதில்லை. சொல்லாமல் மாற்றியதற்கு வெட்டுவார்கள்.

11. பணம் கேட்பது

கோரிக்கையோடு சம்பளச் சீட்டு, டைம்ஷீட், பில், வங்கி அறிக்கை, முன்னேற்ற அறிக்கை. பில்லும் வங்கி அறிக்கையும் ஒரே வரிசை எண்ணில் இருக்கட்டும். சரிபார்ப்பவர் தேடத் தேடக் கேள்விக் கடிதம் நீளும். கேள்வி வந்தால் அதே வாரம் பதில் போடுங்கள், உங்கள் 80 நாள் அப்போதுதான் மறுபடி ஓடும். கடைசித் தவணையைப் பெரும்பாலும் இறுதி அறிக்கை ஏற்கப்படும்வரை பிடித்துவைப்பார்கள்.

ஒரே செலவை இரண்டு மானியத்தில் காட்டக்கூடாது. நாட்டு ஆராய்ச்சி வரிச்சலுகைக்கும் அதே சம்பளத்தை வைத்திருந்தால் ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

12. முடிந்த பிறகு

ஆணையம் உங்களுக்குக் கடைசித் தவணை கொடுத்த ஆண்டின் டிசம்பர் 31-இலிருந்து ஐந்து ஆண்டு எல்லா ஆவணத்தையும் வைத்திருக்க வேண்டும். 2027 மார்ச்சில் கடைசிப் பணம் வந்தால் 2032 முடியும்வரை. டி மினிமிஸ் கடிதங்களைப் பத்து ஆண்டு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. உற்பத்திக் கருவியில் முதலீடு செய்திருந்தால் ஐந்து ஆண்டு, நாடு குறைத்திருந்தால் சிறு நடுத்தர நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டு, அதை அந்தப் பிராந்தியத்திலிருந்து எடுத்துப் போகக் கூடாது. விற்கவோ கடையை இடம் மாற்றவோ நினைத்தால் முதலில் ஆணையத்திடம் கேளுங்கள்.

இந்த நிதிக் காலத்தின் செலவுகள் பொதுவாக 2029 டிசம்பர் 31 வரைதான் ஏற்கப்படும். பல பிராந்தியங்கள் அதற்கு வெகு முன்பே கடைசி அழைப்புகளை மூடிவிடும். 18 மாதத் திட்டம், அரை ஆண்டு மதிப்பீடு, இறுதிக் கணக்கு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் கையில் இருக்கும் காலம் அதிகம் இல்லை. இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு: உங்கள் பிராந்தியத்தின் அழைப்பு அட்டவணையை இறக்கி எடுங்கள், இணைய வாசலுக்கான மின்னணு அடையாளத்துக்கு விண்ணப்பியுங்கள்.